ரயில் பெட்டியின் நீளம் எங்கே முடிகிறது?

ரயில் பெட்டி ஒன்றின் நீளத்தை அளக்கச் சொன்னால், அளவு நாடாவின் நுனியை எங்கே வைப்பீர்கள்? பெட்டியின் சுவரிலா? சுவருக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் இணைப்பிலா?

இரண்டு இடத்திலும் வைத்து அளக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு நீளம் உண்டு!

சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955ல் தொடங்கியது. பழைய வகைப் பெட்டிகளை அது 2018 வரை தயாரித்தது. அந்தப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர். அதன் இரு முனைகளிலும் தட்டு போன்ற 'பஃபர்'கள் நீட்டிக் கொண்டிருக்கும். பக்கத்துப் பெட்டியின் பஃபரைத் தொட்டு, இடி தாங்குவது இவற்றின் வேலை. பஃபரையும் சேர்த்தால் நீளம் 22.297 மீட்டர்.

வித்தியாசம் 96 சென்டிமீட்டர்தானே என்கிறீர்களா? 24 பெட்டிகள் கொண்ட ரயிலுக்குக் கணக்குப் போடுங்கள். 24 x 96 = 2,304 சென்டிமீட்டர். அதாவது 23 மீட்டருக்கும் மேல். ஒரு முழுப் பெட்டியை விட அதிகம்!

இது தவறினால் ஆபத்து. ஒரு ரயிலுக்கு வழிவிட, இன்னொரு ரயில் ஸ்டேஷனில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தண்டவாளங்களும் சேரும் இடத்துக்கு முன்னால் ஓர் எல்லைக் குறி இருக்கும். நிற்கும் ரயிலின் வால் அதைத் தாண்டி இருந்தால், அடுத்த தண்டவாளத்தில் வரும் ரயில் மோதிவிடும். ஆகவே, ரயில் நிற்க இடம் போதுமா என்று பார்க்க, இணைப்பையும் சேர்த்த நீளமே வேண்டும்.

புதிய எல்.எச்.பி. பெட்டிகள் ஜெர்மனி நாட்டு வடிவமைப்பு. உடல் நீளம் 23.54 மீட்டர், இணைப்போடு சேர்த்து 24 மீட்டர். இவற்றின் நடுவில் இரும்புக் கை போன்ற 'கப்ளர்' இருக்கும். இதை எதுவரை அளப்பது?

இரு கை விரல்களையும் கொக்கி போல மடக்கி, ஒன்றோடொன்று மாட்டி இழுத்துப் பாருங்கள். ஒரு கை விரல் மறு கைக்குள் போய்விடுகிறது அல்லவா? இரு கைகளையும் விரல் நுனி வரை தனித்தனியே அளந்து கூட்டினால், உள்ளே போன பகுதி இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். அதனால்தான் கப்ளரை அதன் நுனி வரை அளப்பதில்லை. இரண்டு கப்ளர்களும் ஒன்றையொன்று தொட்டு இழுக்கும் பரப்பு வரைதான் அளக்கிறார்கள். அப்போதுதான் பெட்டிகளின் நீளத்தைக் கூட்டினால் ரயிலின் நீளம் சரியாக வரும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: 22 எல்.எச்.பி. பெட்டிகளும், 20 மீட்டர் நீள என்ஜினும் கொண்ட ரயில், 545 மீட்டர் இடத்தில் நிற்க முடியுமா?

விடை: முடியாது. ரயிலின் நீளம் (22 x 24) + 20 = 548 மீட்டர். உடல் நீளத்தை மட்டும் கூட்டியவர்களுக்கு 537.88 மீட்டர் வந்திருக்கும். அவர்கள் "தாராளமாக நிற்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால், ரயிலின் வால் 3 மீட்டர் வெளியே நிற்கும்!