ஒரு பருவத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

கல்லூரிகளிடையே நடைபெறும் கால்பந்துப் போட்டிகள் முடிவுற்றதும் உத்தமபாளையத்திலும் போடியிலும் தேனியிலும் இளைஞர் கூடுமிடங்களில் ஒரு வழக்கு எழுவதுண்டு. “இவ்வாண்டு ஆட்டம் சோபிக்கவில்லை, யார் வேண்டுமானாலும் யாரையும் வென்றார்கள்” என்பான் ஒருவன். “அதுதானே ஆட்டம்! சென்ற ஆண்டு ஒரே அணி எல்லாரையும் துவைத்து எடுத்ததே, அதையா நல்ல பருவம் என்கிறாய்?” என்பான் மற்றவன். இருவருமே கண்ணால் கண்டதைத்தான் கூறுகின்றனர். ஆயினும் ஒருவன் பேசுவது தரத்தைப் பற்றி. மற்றவன் பேசுவது சமநிலையைப் பற்றி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் வழக்குத் தீர்வதில்லை.

நம் பள்ளத்தாக்கின் உழவருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. முல்லைப் பெரியாற்று நீரால் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. போகம் எப்படி என்று கேட்டால் அனுபவசாலி இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பார்: மொத்தத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது? தலைமடைக்கும் கடைமடைக்கும் எவ்வளவு வித்தியாசம்? எல்லா வயலும் ஒரே அளவில் விளைந்தது என்பது மட்டும் பெருமையாகாது. மழை பொய்த்த ஆண்டில் எல்லா வயலும் ஒரே அளவில் காய்ந்தும் கிடக்கும். அதுவும் சமநிலைதான்!

விளையாட்டிலும் இவ்வாறே. அணிகள் சமமாக இருப்பது, எல்லாரும் உயர்ந்ததாலும் நேரலாம். சிறந்த ஆட்டக்காரர் எல்லாரும் வேறிடம் சென்று விட, எஞ்சியோர் ஒரே மட்டத்தில் நிற்பதாலும் நேரலாம். புள்ளிப் பட்டியலை மட்டும் உற்றுப் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்று போலவே தோன்றும்.

அண்மைக் கால இந்தியக் கால்பந்தில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு. 2016-17 முதல் 2018-19 வரையிலான ஐ-லீக் பருவங்கள் மூன்றையும் எண்ணிப் பாருங்கள். முதலாண்டு மிசோரம் மலைநாட்டு ஐசால் அணி கோப்பையை வென்றது. அதற்கு முந்தைய பருவத்தில் பட்டியலின் அடிப்பகுதியில் வீழ்ந்து கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, கோவா அணிகள் சில விலகியதால் மீண்டும் சேர்த்துக் கொள்ளப்பட்ட அணி அது! 18 ஆட்டங்களில் அது பெற்ற புள்ளிகள் 37; இரண்டாவதாக வந்த மோகன் பகானுக்கு 36. மறுபருவத்தில் பஞ்சாபின் மினர்வா. அவ்வாண்டு 2018 மார்ச் 8ஆம் நாள், கடைசி ஆட்டங்கள் தொடங்கும் வேளையிலும் நான்கு அணிகளுக்குக் கோப்பை எட்டும் தொலைவில் இருந்தது. முடிவில் மினர்வாவுக்கு 35, நெரோக்காவுக்கு 32, மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் 31.

மூன்றாவது பருவம் தமிழ்நாட்டினர் நினைவில் வைத்திருக்க வேண்டியது. முந்தைய ஆண்டில் பட்டியலின் கீழ்ப்பாதியில் தவித்த சென்னை சிட்டி அணி, கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் ஈட்டியது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பெட்ரோ மான்சி என்ற முன்கள வீரர் 21 கோல்கள் அடித்தார். கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று, கோவையில் இடைவேளையின்போது சென்னை அணி மினர்வாவிடம் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியோடு ஆடிக் கொண்டிருந்தது. சென்னை தோற்று ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஈஸ்ட் பெங்கால் வெல்லத்தான் வென்றது. ஆனால் இரண்டாம் பாதியில் மான்சி தண்ட உதையில் ஒன்றும், பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டும் போட, சென்னையும் 3-1 என வென்றுவிட்டது.

மூன்று ஆண்டுகளில் மூன்று புதிய வெற்றியாளர். மூன்றும் கடைசி நாளில் தீர்ந்தவை. சமநிலை என்றால் இதுதான். இதனை எண்ணால் அளக்கவும் ஒரு எளிய வழி உண்டு. முதலிடம் பெற்ற அணி, பெறக்கூடிய மொத்தப் புள்ளிகளில் நூற்றுக்கு எத்தனை பெற்றது என்று பாருங்கள். ஐசால் 69, மினர்வா 65, சென்னை 72. இதற்குப் பின், 2021-22 பருவத்தில் கோழிக்கோட்டின் கோகுலம் அணியும் அதே 43 புள்ளிகளையே பெற்றது. ஆனால் 18 ஆட்டங்களில்; ஒரே ஒரு தோல்வியோடு. அது நூற்றுக்கு 80. எண் உயர உயர ஒரே அணியின் கை ஓங்குகிறது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்துப் பேர் ஆளுக்கு 18 முறை நாணயம் சுண்டினால், ஒவ்வொருவருக்கும் 9 தலை விழாது. யாரோ ஒருவருக்கு 12 அல்லது 13 விழும். வேறொருவருக்கு 5 அல்லது 6 விழும். நாணயத்தில் திறமை ஏது? ஆகவே பட்டியலில் மேலும் கீழுமாய்க் காணும் இடைவெளியில் ஒரு பகுதி அதிர்ஷ்டத்தின் விளைவே. ஆட்டங்கள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு பெருகும். இதை மறந்து ஒரு புள்ளி வித்தியாசத்தில் வாழ்த்துப்பா பாடுவதும் சாபமிடுவதும் நம் வழக்கமாகிவிட்டது.

சரி, தரத்தை எவ்வாறு அறிவது? ஒரு வட்டத்துக்குள்ளேயே ஆடும் அணிகளின் தரத்தை அந்த வட்டத்துக்குள் நின்று அறிய இயலாது. வெளியே சென்று மோதிப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில், அவ்வாண்டின் ஐ.எஸ்.எல். வெற்றியாளரான பெங்களூரு அணியைச் சென்னை சிட்டி 2-1 எனக் காலிறுதியில் வீழ்த்திற்று. அடுத்து கோவா அணியிடம் 0-3 எனத் தோற்றதும் உண்மையே. ஆயினும் பெருஞ்செல்வம் கொழிக்கும் லீக்கின் வெற்றியாளரை வென்ற அணி அடங்கிய பருவத்தை ஏழைகளின் சமத்துவம் என்று ஒதுக்க முடியாது. ஐசால் அணிக்கோ வெளிக்களம் கடுமையாக இருந்தது. ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஈரான் நாட்டு அணியிடம் 1-3 எனத் தோற்றது. கோகுலம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 2022 மே மாதம் ஆசியக் கோப்பைப் பிரிவு ஆட்டத்தில் கல்கத்தாவிலேயே ஏ.டி.கே. மோகன் பகானை 4-2 என வென்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் மாலத்தீவு அணியிடமும் வங்கதேச அணியிடமும் தோற்றது.

இவற்றை வைத்து என் தீர்ப்பைக் கேட்டால், மூன்றினுள் 2018-19ஐயே சிறந்த பருவம் என்பேன். மினர்வா வென்ற பருவத்தின் கடைசி நாள் அதனினும் பரபரப்பானது. ஆனால் பரபரப்பு வேறு, தரம் வேறு. (மற்றொன்றும் சொல்ல வேண்டும். அத்தகைய வெற்றி பெற்ற சென்னை சிட்டி 2021-22 பருவத்தில் ஐ-லீக்கிலேயே இல்லை. கோப்பை வென்ற அணி மூன்றாண்டில் பட்டியலில் காணாமற் போகும் லீக்கில், சமநிலையைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது.)

பெண்கள் கால்பந்தில் கதை வேறு விதம். மதுரையில் தோன்றிய சேது அணி 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. முதல் மூன்று பருவங்களுக்கும் மூன்று வெவ்வேறு வெற்றியாளர். பிறகு கோகுலம் தொடர்ந்து மூன்று முறை வென்றது. 2021-22இல் சேதுவும் கோகுலமும் ஏனைய அணிகளையெல்லாம் வென்று, தோல்வியே காணாமல் கடைசி ஆட்டத்தில் சந்தித்தன. கோகுலம் 3-1 என வென்றது. அக்கடைசி ஆட்டம் உயர்ந்த தரத்தது. அதற்கு முன் நடந்த பல ஆட்டங்களோ ஆடுமுன்பே முடிவு தெரிந்தவை. தரம் உண்டு, சமநிலை இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

கல்லூரி ஆட்டத்தையே ஒரு நாட்டின் திருவிழாவாக்கியவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ‘கால்பந்து’ என்பது பெரும்பாலும் கையால் ஆடுவது. அது போகட்டும். அங்கே மேல்மட்டத்தில் மட்டும் 130க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமாக ஆடுவது ஏறக்குறைய 12 ஆட்டங்களே. எல்லாரும் எல்லாரோடும் மோத வழியில்லை. ஆகவே யாரை வென்றாய், எவ்வளவு வலிய எதிரிகளைச் சந்தித்தாய் என்று எடை போட்டு வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. 1936 முதல் பத்திரிகையாளர் வாக்களித்து வரிசை கூறி வருகின்றனர். சண்டைக்குப் பஞ்சமில்லை! பெரிய கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரரையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, ஒரு கல்லூரி வழங்கக்கூடிய விளையாட்டு உதவித்தொகைகளை 1973இல் 105 என்றும், 1978இல் 95 என்றும், 1992இல் 85 என்றும் குறைத்தார்கள். இந்த உச்சவரம்பு ஏட்டளவில் நிற்கவில்லை. இடம் கிடைக்காத திறமைசாலிகள் சிறிய கல்லூரிகளுக்குச் சென்றார்கள். 2007இல் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் கல்லூரி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்தில் 34-32 என வென்று நாட்டையே திகைக்க வைத்தது.

நம் வாசகருக்கு அறிமுகமான பெயர் ஒன்றும் இதில் உண்டு. திருச்சிலுவைச் சபைக் குருக்கள் 1842இல் இந்தியானாவில் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகம், 2024 செப்டம்பர் 7 அன்று வடக்கு இல்லினாய் பல்கலைக்கழக அணியிடம் 14-16 எனத் தோற்றது. வென்ற அணி அடுத்த ஆட்டத்திலேயே தோற்றது. தோற்ற நோட்டர் டேமோ அதன்பின் வென்று கொண்டே போய், 2025 சனவரி 20இல் நாட்டின் இறுதியாட்டத்தை எட்டி ஒகாயோ அணியிடம் பணிந்தது. அந்தச் செப்டம்பர் மாலையை மட்டும் வைத்து இரு அணிகளையும் எடை போட்டிருந்தால் எத்துணைப் பிழை நேர்ந்திருக்கும்!

இனி நம் ஊருக்கு வருவோம். பெரியகுளத்தில் மே மாதந்தோறும் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் கண்டவர்கள், வங்கிகளின் அணிகளும் இராணுவத்தாரும் கேரள மின்வாரியத்தாரும் ஆடும் தரத்தை அறிவர். வேலை கொடுத்து வளர்த்த அணிகள் அவை; ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். கல்லூரிக் கால்பந்துக்கு அத்தகைய பின்பலம் இல்லை. உத்தமபாளையத்தில் 1956இல் தோன்றிய ஹௌதியா கல்லூரி, போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தார் நடத்தும் கல்லூரி போன்றவற்றின் மாணவர், பல்கலைக்கழக அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அப்பல்கலைக்கழகம் மண்டலப் போட்டியில் முன்னேற வேண்டும். அதன்பின்தான் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை கண்ணுக்குத் தெரியும். நீண்ட ஏணி அது.

ஏணியின் முதற்படியே பெரும்பாலும் ‘நாக்-அவுட்’ முறை. 16 அணிகள் கலந்து கொண்டால் 15 ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும். செலவு குறைவு, இரண்டு மூன்று நாளில் மைதானத்தைத் திருப்பி ஒப்படைக்கலாம். ஆனால் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு பேருந்து ஏறுகின்றன. முதல் சுற்றிலேயே மிகச் சிறந்த அணியோடு மோதித் தோற்றவர்கள் இரண்டாவது சிறந்த அணியாக இருக்கலாம், யாரும் அறியார். அந்த அணியில் ஆடிய ராயப்பன்பட்டிப் பையனோ கூடலூர்ப் பையனோ தேர்வாளர் கண்ணில் படுவது ஒரே ஒரு மாலைப் பொழுதுதான். கல்லூரி இடமும் பின்னாளில் வேலையும் விளையாட்டுச் சான்றிதழைப் பொறுத்து அமையும் குடும்பங்களுக்கு அந்த ஒரு மாலை சிறிய காரியமன்று. இத்தகைய போட்டியைக் கொண்டு “பருவம் சமநிலையாக இருந்தது” என்றோ “தரம் தாழ்ந்தது” என்றோ சொல்ல ஆதாரமே கிடையாது.

எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதென்றால் 16 அணிகளுக்கு 120 ஆட்டங்கள் வேண்டும். அது நடவாத காரியம். ஆனால் நான்கு நான்காகப் பிரித்துப் பிரிவுக்குள் லீக் ஆடினால் 24 ஆட்டங்கள், பிரிவில் முதலாவது வந்த நான்கு அணிகளுக்கு அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக 27. இப்போதைய 15ஐ விட 12 ஆட்டங்களே கூடுதல். ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி. எட்டு அணிகளே வரும் நம் ஊர்ச் சுழற்கோப்பைப் போட்டிகளுக்கு இன்னும் எளிது: இரண்டு பிரிவுகள், 12 லீக் ஆட்டங்கள், அரையிறுதியும் இறுதியும் சேர்த்து 15. இரண்டு சனி ஞாயிறுகளில் முடித்துவிடலாம்.

கூடவே ஒரு குறிப்பேடும் வேண்டும். நம் பக்கத்துப் போட்டிகளில் கோப்பையின் அடியில் வென்றவர் பெயர் பொறிக்கப்படுகிறது. ஆட்டத்தின் முடிவு எத்தனைக்கு எத்தனை என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. இறுதியாட்டம் 1-0 என முடிந்ததா, 6-0 என முடிந்ததா? முதல் சுற்றில் எத்தனை ஆட்டங்கள் ஒரு கோலில் தீர்ந்தன? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாள், அணிகள், இடைவேளை நிலவரம், கோல் போட்டவர் பெயர், எந்த நிமிடம் என ஐந்தே வரிகள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பத்துப் பருவங்களின் இறுதிச் சுற்றுகள் அடங்கும். போட்டிக் குழுவின் செயலர் மாறும்போது கோப்பையோடு அந்த நோட்டும் கைமாறட்டும்.