வீட்டுக்காரர் இல்லாதவளும் வீடும்

1

அலங்காநல்லூர்ப் பக்கம் ‘வீட்டுக்காரர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று கணவன், மற்றது வாடகைக்கு வீடு விடுகிறவர். கைக்குழந்தையோடு வந்து வீடு கேட்கிற பெண்ணிடம் இரண்டாம் வீட்டுக்காரர் முதலில் விசாரிப்பது முதலாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான். “வீட்டுக்காரரு என்ன செய்றாரு?” பதில் சரியில்லை என்றால் “நேத்துத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரும்மா” என்று கதவு சாத்தப்படும். தை மாதம் ஜல்லிக்கட்டு பார்க்க வந்தால் முகந்தெரியாதவனுக்கும் மாடியில் இடம் கிடைக்கிற ஊர் இது.

சரி, அரசின் கதவு? 1986இல் தமிழக அரசு தொடங்கிய, கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். வயது 30 ஆகியிருக்க வேண்டும். கைவிடப்பட்டு 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். இல்லையேல் சட்டப்படி பிரிந்ததற்கு நீதிமன்றச் சான்று வேண்டும். 22 வயதில் அடி பொறுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள் எட்டு வருஷம் எங்கே இருப்பாள்? திட்டத்தின் பெயரே செயப்பாட்டு வினையில் அமைந்திருப்பதையும் கவனிக்கலாம். அவன் விட்டால் அவள் பயனாளி. அவள் விட்டால்? கல்யாணமே இல்லாமல் தாயானவளுக்கோ இந்த வாக்கியத்துக்குள் இடமே கிடையாது. மத்திய அரசின் ஸ்வாதார் கிரேஹ் இல்லங்களில் (2022இல் இவை ‘சக்தி சதன்’ ஆயின) 8 வயதைத் தாண்டிய மகன் தாயோடு தங்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. கூரை வேண்டுமென்றால் பிள்ளையைப் பிரி என்பதுதான் இதன் பச்சையான அர்த்தம்.

மிஞ்சுவது சபையின் கதவு. கத்தோலிக்கக் கன்னியர் மடமோ, சி.எஸ்.ஐ. சபையோ, தகரக் கொட்டகை ஜெபவீடோ, ராத்திரி பத்து மணிக்குத் தட்டினாலும் யாராவது வந்து திறப்பார்கள் என்ற நம்பிக்கை ஜனங்களிடம் இருக்கிறது.

2

சபை இரண்டைச் சேர்த்துத் தருகிறது: கூரை, வழிகாட்டல். படுக்க இடம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், தையல் மாதிரி ஒரு தொழில். இவற்றோடு ஒரு மூத்த பெண்ணும். சிஸ்டராக இருக்கலாம், போதகரின் மனைவியாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூடவே போவார். இதன் மதிப்பைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகிறவளுக்கும் சிஸ்டரோடு போகிறவளுக்கும் அங்கே கிடைக்கிற மரியாதை வேறு வேறு.

ஆனால் இந்தத் துணையின் இயங்குமுறையை விளங்கிக்கொள்ள வேண்டும். பூக்கோ 1978ஆம் ஆண்டு உரைகளில் ‘மேய்ப்பர் அதிகாரம்’ என்ற ஒன்றைப் பேசுகிறார். மன்னன் நிலத்தை ஆள்கிறான். மேய்ப்பர் மந்தையைக் காக்கிறார், அதிலும் ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே. தனித்தனியே காக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் உள்ளத்தையும் அறிந்தாக வேண்டும். அக்கறையும் கண்காணிப்பும் இங்கே ஒரே கையின் வேலை. ஆகவே உள்ளே வந்தவளிடம் ஒரு கதை எதிர்பார்க்கப்படுகிறது: விழுந்தேன், எழுப்பப்பட்டேன். ஜெபக்கூட்டத்தில் இதற்குச் ‘சாட்சி’ என்று பெயர். அரசு சான்று கேட்கிறது. சபை சாட்சி கேட்கிறது. தன் வாழ்க்கையைத் தவறு என்று சொல்லச் சொல்ல, அந்தத் தவறுக்குரிய தன்னிலையாகவே அவள் கட்டமைக்கப்படுகிறாள். அடித்தவன் கதையிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறான்.

3

இது இன்று நேற்று வந்ததல்ல. கிளாரிந்தா ஒரு பிராமண விதவை; லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி ஷ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தர மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகே, 1778இல், பாளையங்கோட்டையில் அது நடந்தது. வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்தான் 1785இல் அங்கே கோயில் கட்டினார். ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்று ஜனங்கள் அதை அவர் பேரில் அழைத்தார்கள்.

பண்டித ரமாபாய் இன்னும் சிக்கலான உதாரணம். 1882இல் கணவர் இறந்தபோது கையில் குழந்தை மனோரமா. 1883இல் இங்கிலாந்தில் வான்டேஜ் கன்னியர் சபை இடம் கொடுத்தது; அதே ஆண்டு தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர். அதன்பின் வழிகாட்டியான சிஸ்டர் ஜெரால்டினோடு கடிதம் கடிதமாக வாதம். கோட்பாடு பற்றி, சாப்பாடு பற்றி, மகளை வளர்க்கும் உரிமை யாருக்கு என்பது பற்றி. மதத்தை ஏற்றவர் மேய்ப்பை ஏற்கவில்லை. ஆனால் பின்னாளில் கேட்காவ்ங்கில் அவரே நிறுவிய ‘முக்தி’யில், ‘நெறி தவறியவர்கள்’ எனப்பட்ட பெண்களுக்கென்று கிருபா சதன் தனியே இருந்தது. நல்லெண்ணத்துக்குள்ளும் தரம் பிரிக்கும் கை வேலை செய்கிறது.

‘முக்தி’க்குத் தமிழில் வீடு என்றே பெயர், அறம், பொருள், இன்பம், வீடு என்கிறோமே, அந்த வீடு. அந்த வீட்டை இந்த வீட்டுக்கு வாடகையாகக் கேட்பதே சிக்கலின் மையம் எனக் கருதுகிறேன்.

மதுரையிலேயே ஒரு மாற்றுத் தடமும் உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஈவா ஸ்விஃப்ட் 1892இல் பைபிள் ஸ்திரீகளுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பைபிள் ஸ்திரீகளாகப் போனவர்களில் விதவைகள் பலர். சம்பளம் வாங்கி வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நோக்கம் மதப்பிரச்சாரம்தான், சந்தேகமில்லை. இருந்தும் வழிகாட்டப்பட வேண்டியவளாகக் கருதப்பட்ட தனித்த பெண் கையில் கூலியோடு வழிகாட்டியாக வெளியே நடந்தாள். சபை வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிற இந்தச் சாத்தியத்தை நாம் தவறவிடக் கூடாது.

4

கூரையும் மேய்ப்பும் முழுக்க ஒன்றானால் என்ன ஆகும் என்பதை அயர்லாந்து காட்டிவிட்டது. அங்கே மணமாகாத தாய்மாருக்கான 18 நிறுவனங்களை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 2021இல் வந்தது. சுமார் 56,000 தாய்மார் அவற்றுக்குள் சென்றிருந்தனர். சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருந்தனர். அங்கே 1973இல்தான் மணமாகாத தாய்க்கென்று அரசு உதவித்தொகை வந்தது. அதன் பிறகு பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வழி அவளுக்குக் கொஞ்சம் திறந்தது.

இங்கே இந்துத்துவம் சபை இல்லங்களை ‘மதமாற்றம்’ என்ற ஒரே சொல்லில் முடிக்கிறது. நம் தோழர்கள் ‘சீர்திருத்தவாதம்’ என்று கையை உதறுகிறார்கள். இரண்டு தரப்பிலும் எத்தனை பேர் தங்கள் மாடிப் போர்ஷனைத் தனித்த தாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம்? இதைக் கேட்காமல் சபையை விமர்சிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

கேட்ட பிறகு விமர்சிக்கலாம். சபையிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் எளியவை. இல்லத்தில் பாய் போடுவதோடு நிற்காமல், ஊருக்குள் வீடு பிடித்து அட்வான்ஸுக்கும் ஜாமீனுக்கும் சபை நிற்கட்டும். வாடகை ஒப்பந்தம் அவள் பேரில் இருக்கட்டும். மகனுக்கு எத்தனை வயதானாலும் அவளோடு இருக்கட்டும். வழிகாட்டியை அவளே தேர்ந்தெடுக்கட்டும், வேண்டாமென்றால் விலக்கட்டும். ஜெபத்துக்கு வராததால் யாரும் வெளியேற்றப்படக் கூடாது. சாட்சி கேட்கக் கூடாது. இதையே அரசிடமும், சான்று கேட்காதே என்று சொல்ல வேண்டும்.

முதலில் சாவியைக் கொடுங்கள். ஜெபிப்பதா வேண்டாமா என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து யோசிக்கட்டும்.