கடவுச்சொல் சரிபார்ப்பில் சுழிய அறிவு நிறுவல்

சுழிய அறிவு நிறுவல் என்பது, ஓர் இரகசியம் தமக்குத் தெரியும் என்பதை, அதை வெளியிடாமலேயே மற்றவருக்கு உறுதிப்படுத்தும் குறியாக்கவியல் முறையாகும். ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்கொஃப் ஆகியோர் 1985இல் இக்கருத்தை முன்வைத்தனர். கடவுச்சொல்லை வழங்கிக்கு அனுப்பாமலேயே உள்நுழைய இது வழிசெய்கிறது.

தேவை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவர் வீட்டிலிருந்து அலுவலகக் கணக்கில் உள்நுழைவதாகக் கொள்வோம். வழக்கமான முறையில், கடவுச்சொல் மறையாக்கப்பட்ட இணைப்பில் சென்றாலும், வழங்கியை அடைந்ததும் மூல வடிவுக்குத் திரும்புகிறது. அதன் பிறகே ஹேஷ் மதிப்பாக மாற்றி ஒப்பிடப்படுகிறது. இந்த இடைவெளியில் அது பதிவுக் கோப்புகளில் தங்கிவிடக்கூடும். இவ்வாறு நேர்ந்ததை 2018இல் ட்விட்டரும் 2019இல் ஃபேஸ்புக்கும் ஒப்புக்கொண்டன. வழங்கிக்கே வராத கடவுச்சொல் அங்கிருந்து கசிய வழியில்லை.

செயல்முறை

கிளவுஸ் ஷ்னோர் 1989இல் வெளியிட்ட முறையைச் சிறிய எண்களால் விளக்கலாம்.

1. பதிவு: கடவுச்சொல்லிலிருந்து கணிக்கப்படும் இரகசிய எண் 7. 2⁷ = 128; இதை 23ஆல் வகுத்தால் மீதி 13. வழங்கி 13ஐ மட்டும் சேமிக்கிறது.
2. தொடக்கம்: பயனரின் கணினி 5 என்ற தற்போக்கு எண்ணைத் தேர்ந்து, 2⁵ = 32ஐ 23ஆல் வகுத்த மீதியான 9ஐ அனுப்புகிறது.
3. வினா: வழங்கி 3 என்ற எண்ணை அனுப்புகிறது.
4. விடை: 5 + (3 × 7) = 26. 2¹¹ஐ 23ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 26ஐ 11ஆல் வகுத்த மீதியான 4 போதுமானது.
5. சரிபார்ப்பு: 2⁴ = 16. வழங்கி 9 × 13³ஐ 23ஆல் வகுத்தாலும் மீதி 16. இரண்டும் பொருந்துவதால் அனுமதி கிடைக்கிறது.

7 என்ற எண் எங்கும் அனுப்பப்படவில்லை. ஒவ்வொரு முறையும் தற்போக்கு எண்ணும் வினாவும் மாறுவதால், பழைய விடை மீண்டும் பயன்படாது. நடைமுறையில் மிகப் பெரிய எண்கள் கையாளப்படுகின்றன.

நடைமுறை நெறிமுறைகள்

மேற்கண்ட உரையாடலை ஒட்டுக்கேட்பவர், எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். இதைத் தடுக்கவே கடவுச்சொல்லுக்கெனத் தனி நெறிமுறைகள் உருவாயின. 1998இல் தாமஸ் வூ எஸ்ஆர்பி நெறிமுறையை வெளியிட்டார். 2018இல் ஓபேக் நெறிமுறை வந்தது. வாட்ஸ்அப் தன் மறையாக்கப்பட்ட காப்புப்பிரதிகளுக்கு 2021 முதல் ஓபேக்கைப் பயன்படுத்துகிறது.

வரம்புகள்

வழங்கியின் தரவுத்தளம் திருடப்பட்டால், எளிய கடவுச்சொற்களை அப்போதும் ஊகித்துவிடலாம். போலி இணையப் பக்கத்தில் பயனரே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால் எந்த நெறிமுறையும் காக்காது. எனவே நீண்ட கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் தொடர்ந்து தேவைப்படுகின்றன.