காருக்குள் சைக்கிள்: கட்டாமல் கிளம்பக்கூடாது

தைப்பிங் ஏரிப் பூங்காவிலோ புத்ராஜெயாவிலோ பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்ட விட ஆசைப்படும் பெற்றோர் பலர், காரில் இடமில்லை என்று விட்டுவிடுகின்றனர். பின்னால் மாட்டும் ரேக், நம்பர் பிளேட்டை மறைத்தால் குற்றம். பழைய ஸ்டேஷன் வேகன்கள் இன்று அபூர்வம். ஆனால் அல்சா, எக்சோரா போன்ற வாகனங்களில் இருக்கைகளை மடக்கினால் இரண்டு சைக்கிள்கள் உள்ளேயே அடங்கும்.

முதலில் முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கியர், செயின் உள்ள வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைக்கவும். அது அடியில் போனால் கியர் தாங்கி வளைந்துவிடும். இரண்டாவது சைக்கிளைத் தலைமாற்றி வைத்து, நடுவே பழைய கைலியை விரித்தால் கீறல் விழாது. டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் இல்லாதபோது பிரேக்கை அழுத்தவே கூடாது, பட்டைகள் நெருங்கிக்கொள்ளும். இடையில் மடித்த அட்டைத் துண்டைச் செருகி வைப்பது நல்லது.

பெரும்பாலோர் அலட்சியப்படுத்துவது கட்டுவதைத்தான். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், கட்டாத சைக்கிள் அதே வேகத்தில் ஓட்டுநரின் கழுத்தை நோக்கிப் பாயும். ரப்பர் கயிறு இழுபடும், நம்ப முடியாது. வாகனத் தரையிலுள்ள வளையங்களோடு பட்டையான வார் போட்டு இறுக்க வேண்டும். குடும்பத்தோடு போவதென்றால் ஒரு சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இறங்கியதும் சைக்கிளைத் தரையில் நிமிர்த்தி வைத்துச் சக்கரத்தை மாட்டவும். கழற்றும்போது பிரேக் கேபிளை விடுவித்திருந்தால், அதை மீண்டும் கொக்கியில் மாட்டி, முன்பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே பிள்ளையை ஏற்ற வேண்டும்.