எந்த ஏட்டில் இருக்கிறது உங்கள் பெர்த்?

பழைய ரயில் டிக்கெட் ஏதாவது கைவசம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே 10 இலக்கத்தில் பி.என்.ஆர். எண் இருக்கும். சென்னையிலிருந்து நெல்லைக்கோ கோவைக்கோ போன டிக்கெட் என்றால் அது பெரும்பாலும் 4-இல் தொடங்கும். டில்லிப் பக்கத்து ரயில் என்றால் 2. கொல்கத்தாவுக்கு 6, மும்பைக்கு 8. நீங்கள் டிக்கெட்டை எந்த ஊரில் உட்கார்ந்து, எந்த போனில் எடுத்தீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ரயிலின் கணக்கு எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் எழுதப்படுகிறது என்பதைத்தான் அந்த முதல் இலக்கம் சொல்கிறது.

ஐ.டி. வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகள், "ஆர்க்கிடெக்சர், ஆர்க்கிடெக்சர்ங்கறாங்களே, அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டால் நான் இந்த இலக்கத்தைத்தான் காட்டுவேன். கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்த படங்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பார்கள். திரையின் நிறத்தை ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். பட்டனை இடமிருந்து வலத்துக்கு நகர்த்தலாம். ஆனால் கணக்கு எங்கே இருக்க வேண்டும், அதில் கைவைக்க யாருக்கு உரிமை என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால், அதை மாற்றத் தலைமுறை ஆகும். அப்படி மாற்ற முடியாமல் உறைந்துபோகிற முடிவுகளுக்குத்தான் ஆர்க்கிடெக்சர் என்று பெயர்.

கம்ப்யூட்டருக்கு முந்தைய ரிசர்வேஷன் ஆபீஸை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனி ஏடு. இந்த ரயிலுக்கு இந்தக் கவுண்ட்டர் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால், "இது அங்கே போங்க" என்று கைகாட்டுவார்கள். கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த முறையில் ஒரு நேர்த்தி இருந்தது. ஏடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு குமாஸ்தாவின் கையில்தான் இருக்கும். ஆகவே ஒரே பெர்த் இரண்டு பேருக்குப் போக வழியில்லை. இதையே கம்ப்யூட்டரில் ‘லாக்’ என்கிறார்கள். ஒருவர் எழுதி முடிக்கும்வரை இன்னொருவர் அந்த வரியைத் தொடக்கூடாது. ஆயிரம் கவுண்ட்டர்கள் இருந்தாலும் ஏடு ஒன்றுதான் என்ற மாயையைக் காப்பாற்றுவதுதான் மொத்த வித்தையும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. பெர்த் என்பது ஒரு பொருள் அல்ல. நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு லோயர் பெர்த்தை எழும்பூரிலிருந்து மதுரை வரை ஒருவருக்கு விற்றால், மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை அது காலி. அந்தத் துண்டை இன்னொருவருக்குத் தரலாம். திண்டுக்கல்லில் ஏறுபவர் கேட்டால் தர முடியாது. இதன்மேல் கோட்டாக்கள்: பொது, மகளிர், மூத்த குடிமக்கள், தட்கல், இடைப்பட்ட ஸ்டேஷன்களுக்கான பொதுப்பங்கு. அதற்கும் மேலே ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட், ஒருவர் கேன்சல் செய்தால் வரிசை நகரும் விதம். சர்வரும் கேபிளும் காசு கொடுத்தால் கிடைக்கும். இந்த விதிமுறைகளைக் கடையில் வாங்க முடியாது.

எந்த நிறுவன மென்பொருளையும் மூன்று அடுக்காகப் பிரித்துச் சொல்வார்கள்: முன்னால் கவுண்ட்டர், நடுவில் விதிகள், அடியில் ஏடு. பாடப்புத்தகத்தில் மூன்றும் ஒரே உயரத்தில் வரைந்திருக்கும். நிஜத்தில் நடு அடுக்குதான் மலை.

1985 நவம்பரில் டில்லியில் சோதனையாகத் தொடங்கியது கம்ப்யூட்டர் ரிசர்வேஷன். ‘இம்ப்ரெஸ்’ என்று பெயர், சி.எம்.சி. நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ரயில்வேயே தன் மென்பொருள் வேலைகளுக்காக ‘கிரிஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. டில்லியைத் தொடர்ந்து சென்னை, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத். ஐந்து ஊரிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆனால் ஐந்தும் ஐந்து தீவுகள். சென்னையில் உட்கார்ந்து டில்லியிலிருந்து திரும்பிவரும் டிக்கெட் கேட்டால் பழையபடி தந்திதான்.

அமெரிக்காவில் மெல்வின் கான்வே என்பவர் 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனம் கட்டும் மென்பொருள், அந்த நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சாகவே அமையும் என்பது அவர் கண்டது. அவர் இந்திய ரயில்வேயைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ஐந்து ஊர்களின் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். எல்லாமே ரயில்வே மண்டலங்களின் தலைமையகங்கள். ஏடுகள் பிரிந்தது மண்டல மேலாளர்களின் நாற்காலிகளுக்கு ஏற்ப.

தீவுகளை இணைத்தது ‘கான்சர்ட்’ என்ற மென்பொருள். 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் ஓடியது. 1999 ஏப்ரலில் ஐந்தும் ஒன்றாயின. இங்கேதான் எனக்குப் பிடித்த முடிவு வருகிறது. ஐந்து ஏடுகளையும் ஒரே இடத்தில் கொட்டிப் பெரிய ஏடாக்கவில்லை. ஒவ்வோர் ஊரிலும் எல்லா ஏட்டுக்கும் நகல் வைக்கவுமில்லை. நகல் வைத்திருந்தால் எது அசல் என்ற சண்டை அன்றே தொடங்கியிருக்கும். ஒரு ரயிலின் கணக்கு ஒரே ஊரில்தான். கேள்விதான் பயணம் செய்யும். சென்னைக் கவுண்ட்டரில் ஹௌராவிலிருந்து கிளம்பும் ரயிலைக் கேட்டால், நடுவில் இருக்கும் மென்பொருள் அந்தக் கேள்வியைக் கொல்கத்தாவுக்கு அனுப்பிப் பதிலைக் கொண்டுவரும். கவுண்ட்டரில் இருப்பவருக்கு அது எங்கே போய் வந்தது என்று தெரிய வேண்டியதில்லை. பி.என்.ஆரின் முதல் இலக்கம் இதன் சாட்சி.

அசல் எது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் ஆரம்ப நாட்களில் வேலைபார்த்த கம்பெனியில் பார்த்தேன். கிடங்குக்காரர்களிடம் ஒரு ஸ்டாக் கணக்கு, விற்பனைப் பிரிவில் ஒன்று, அக்கவுண்ட்ஸில் ஒன்று. மூன்றும் ஒத்துப்போன மாதம் எனக்கு நினைவில் இல்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மூன்று பேர் மூன்று பிரிண்ட்-அவுட்டோடு ஓர் அறைக்குள் போவார்கள். குரல் உயர்ந்தவருடைய கணக்கு ஜெயிக்கும்.

2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் டிக்கெட்டைக் கூரியரில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாத செய்தி. அந்த வெப்சைட்டே ரிசர்வேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்னொரு கவுண்ட்டர்தான். ஏடு அதே பழைய ஏடு.

ஆனால் இந்தக் கவுண்ட்டருக்கு வரிசை கிடையாது. லட்சக்கணக்கானோர் ஒரே நொடியில் எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் டிக்கெட் எடுக்க வந்தவர்கள் அல்லர்; இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஏட்டைப் புரட்டிக் காட்டினால் எழுதுகிறவர் எப்போது எழுதுவார்? 2014-இல் வெப்சைட்டைப் புதிதாகக் கட்டியபோது, அடிக்கடி கேட்கப்படும் தகவல்களைச் சர்வரின் நினைவகத்திலேயே தயாராக வைத்தார்கள். ‘கேஷ்’ என்பது அதுதான். நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 என்ற இலக்கோடு திட்டமிடப்பட்டது; 2020 மார்ச்சில் ஒரு நிமிடத்தில் 26,000-க்கு மேல் போனது.

கேஷ் என்பதை வாசலில் வைத்த கரும்பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் 12 இடம் என்று எழுதியிருக்கும். நீங்கள் உள்ளே போய்ப் பணம் கட்டுவதற்குள் ஏட்டில் அது வெயிட்டிங் லிஸ்ட் 8 ஆகியிருக்கும். ஏமாற்று என்று கோபப்படுகிறோம். பலகை எப்போதும் ஏட்டைவிடச் சற்றுப் பழசுதான்.

பணம் போனது, டிக்கெட் வரவில்லை என்பது இதைவிடப் பெரிய புலம்பல். ஏன் நடக்கிறது? ஒரே ஏட்டுக்குள் நடக்கும் வேலையை ‘ட்ரான்ஸாக்ஷன்’ என்று கட்டிவிடலாம். நடந்தால் முழுசாக நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது. இந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்ட ஜிம் கிரேக்கு 1998-இன் டூரிங் விருது கிடைத்தது. ஆனால் இங்கே ஏடு இரண்டு. வங்கியின் ஏட்டில் பணம் கழிய வேண்டும், ரயில்வேயின் ஏட்டில் பெர்த் ஏற வேண்டும். உங்கள் வங்கியின் ஏட்டைப் பூட்டி வைக்க ரயில்வேக்கு அதிகாரம் இல்லை. முதலில் பெர்த்தைப் பிடித்து வைத்துவிட்டுப் பணம் கேட்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பணமே கட்டாமல் எல்லா பெர்த்தையும் பிடித்து வைத்துக்கொள்ள ஓர் ஏஜென்டின் புரோகிராம் போதும். ஆகவே பணம் முதலில், பெர்த் பிறகு. நடுவில் இணைப்பு அறுந்தால், இரண்டு தரப்புக் கணக்கையும் பின்னால் ஒத்துப்பார்த்துப் பணத்தைத் திருப்ப வேண்டியதுதான். இரண்டு வழியிலும் குறை உண்டு. எந்தக் குறையோடு வாழ்வது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தேர்வு சரி என்றே நினைக்கிறேன்.

தட்கலில் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று 2015-இல் பிரித்தார்களே, அதையும் நான் ஆர்க்கிடெக்சரில்தான் சேர்ப்பேன். கூட்டத்தைச் சமாளிக்கச் சர்வர் வாங்குவதைவிடக் கடிகாரத்தை நகர்த்துவது மலிவு.

கான்சர்ட்டின் உட்கரு ஃபோர்ட்ரானிலும் சி மொழியிலும் எழுதப்பட்டு ஓப்பன்-வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தில் ஓடியது. இன்றைய இளைஞர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எல்லாவற்றையும் மைக்ரோசர்வீஸாகத் துண்டு போட்டால் தீர்ந்தது என்பார்கள். துண்டு போடுவது தப்பில்லை. ஆனால் ஒரு ட்ரான்ஸாக்ஷன் நான்கு துண்டுகளுக்குள் புகுந்து வெளியே வர வேண்டியிருந்தால், மேலே சொன்ன வங்கித் தகராறை வீட்டுக்குள்ளேயே நான்காகப் பெருக்கிக்கொள்கிறோம்.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரேயடியாக மாறினால்? பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் அதைச் செய்தது. லாயிட்ஸ் வங்கியின் அமைப்பில் இருந்த சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கைப் புதிய அமைப்புக்கு நகர்த்தினார்கள். தரவெல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கவுண்ட்டர்தான் திறக்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் வெளியே நின்றார்கள். எல்லாம் சீராக மாதங்கள் ஆயின. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கு மேல்.

ரயில்வேயும் அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்றிருந்த திறனை ஒன்றரை லட்சத்துக்கும், 4 லட்சம் விசாரிப்புகளை 40 லட்சத்துக்கும் உயர்த்தும் புதிய அமைப்பை கிரிஸ் கட்டுவதாக 2025 ஜூன் இறுதியில் அமைச்சகம் அறிவித்தது. எண்களைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, தினமும் இரவு 11.45-க்கு மேல் நள்ளிரவு தாண்டும்வரை ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்க முடியாத அந்தச் சிறு இடைவேளைதான். சுமார் அரை மணி நேரம்தான். அந்த நேரத்திலும் நெல்லை எக்ஸ்பிரஸ் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு லோயர் பெர்த்தில் மதுரைவரை ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.