ஆச்சியின் குரல் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடியது. எண்பதைத் தொட்ட என் அம்மா, ஜில் ஜில் ரமாமணி வரும் இடத்துக்காகவே சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரமாமணி வந்தார், நாயகன் சிக்கலாரிடம் பேச்சுக் கொடுத்தார், பாதியில் விளம்பரம். திரும்பி வந்தபோது வேறு காட்சி. “என்னடா, அவ இன்னும் பேசி முடிக்கலையே!” என்றார் அம்மா. பிறகு விட்ட இடத்திலிருந்து, இழுவை மாறாமல், மீதிப் பேச்சை அவரே பேசி முடித்தார்.

ரமாமணியாக நடித்த ‘ஆச்சி’ மனோரமாவின் கலைவாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைக் கொடுத்தார்கள். மன்னார்குடியில் பிறப்பு, பள்ளத்தூரில் வளர்ப்பு, 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’, ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தது, ஆயிரம் படங்களுக்கான கின்னஸ் சாதனை, 2002-இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபரில் அவர் மறைந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதியவைதான். அவற்றை அடுக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அம்மா பேசி முடித்த அந்த வசனம்தான் காதிலேயே நிற்கிறது.

ஆச்சியை நடிகை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தமிழ்நாட்டு மண்ணில் மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை ஐம்பது ஆண்டுகள் தன் தொண்டையில் சேர்த்து வைத்தவர் அவர். 1968 என்ற ஒரே ஆண்டைப் பாருங்கள். ‘தில்லானா’வில் ஊர் ஊராகக் கூடாரம் போடும் நாடகக்காரி. அதட்டலும் குழைவும் ஒரே மூச்சில் வரும். வாய் சிரிக்கும்போதே அடிவயிற்றுப் பயம் தெரியும். அதே ஆண்டில் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் மெட்ராஸ் பாஷையில் ஒரு பாட்டை சொந்தக் குரலில் பாடினார். காவிரிக்கரைக் கொட்டகையும் பட்டணத்துக் குடிசைப் பகுதியும் ஒரே பெண்ணின் நாக்கில், ஒரே ஆண்டில்!

‘சம்சாரம் அது மின்சாரம்’ கண்ணம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலை செய்யும் பெண், அந்த வீட்டுச் சம்பந்தியிடம் வம்புக்கு நிற்பதுபோல் போடும் நாடகம் 1986-இல் தியேட்டரையே குலுக்கியது. அந்தப் பேச்சு எந்த அகராதியிலும் இல்லை. ‘சின்ன கவுண்டர்’ ஆத்தாவோ கொங்குநாடு. பல் துருத்த, இடுப்பு வளைய, வார்த்தையை மென்று துப்பும் கிழவி. அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் ‘புதிய பாதை’; துணை நடிகைக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது அது. பள்ளிப் படிப்பைத் தொடர வாய்க்காமல், பன்னிரண்டு வயதில் வயிற்றுப்பாட்டுக்காக மேடை ஏறிய பெண் இத்தனை ஊர்ப் பேச்சையும் காதால் மட்டுமே கற்றார். நாடகத்தில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும். அந்தப் பழக்கம் அவருடைய ஒவ்வொரு மெய்யெழுத்திலும் இருக்கிறது.

இந்தப் பேச்செல்லாம் எங்கே இருக்கிறது? படச்சுருளின் ஓரத்தில், ஒரு மெல்லிய கோடாக. பழைய ஃபிலிமில் ஒலி அப்படித்தான் பதிந்திருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கும். தகரப் பெட்டியைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். பிறகு சுருள் சுருங்கி வளையும், அதோடு குரலும் நடுங்கும். சென்னையின் காற்றில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் என்ன குறை? கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகள் பலவும் அதிலிருக்கும் வெள்ளிக்காக எடை போட்டு விற்கப்பட்டன. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. இன்று அதன் ஒரு பிரிண்டும் இல்லை. தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் தொடங்கியது 1964-இல். அதற்குள் ஆச்சி சினிமாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்கும் முந்தைய நாடகங்களை யாரும் படம்பிடிக்கவில்லை. அந்நாளில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் பெற்ற சிறுமி மேடையில் எப்படிப் பேசினாள் என்பது பார்த்தவர்களோடு போய்விட்டது.

நகைச்சுவை நடிகைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, கத்தரி. படம் நீளம் என்றால் அந்தக் காலத்திலேயே முதலில் கை வைப்பது காமெடி டிராக்கில். கதை அறுபடாது அல்லவா! இப்போது விளம்பர நேரத்துக்காக வெட்டுபவர்களுக்கும் அதே கணக்குதான். நாயகன் நாயகி காட்சிகள் தப்பிக்கின்றன, ஆச்சியின் மூன்று நிமிடம் போகிறது. ஆயிரம் படங்களிலும் இந்த மூன்று நிமிடங்கள்தான் அவருடைய சொத்து.

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, ஆயிரம் படமும் காக்கத் தக்கவையா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைப்பதில் பெரும்பாலும் தேய்ந்த பிரதிகள், மேலே முத்திரை, நடுவில் வெட்டு. எது தக்கது என்று தீர்ப்புச் சொல்ல, முதலில் அது இருக்க வேண்டும்.

டிவியைப் பற்றி எனக்கு இன்னும் அதிக பயம். சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அன்று வீடியோ நாடா விலை அதிகம். பதிந்ததை அழித்து அதன்மேலேயே மறுபடி பதிவது அந்த நாளில் உலகம் முழுக்க நடந்தது. பின்னால் ஆச்சி சீரியல்களிலும் நடித்தார். ‘ஆச்சி இன்டர்நேஷனல்’ என்று அவர் பட்டத்தையே தலைப்பாக்கிய தொடரும் உண்டு. சினிமாவுக்காவது ரசிகர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். சாயங்காலத் தொடரின் எபிசோடை எண்ணி வைத்தவர் யார்? வயதான பிறகு, அவசரமில்லாமல், நெருக்கத்தில் நின்று பேசிய ஆச்சி அந்த நாடாக்களில்தான் இருக்கிறார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேசட்டுகள் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். பூஞ்சை படிந்திருந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா கிழிந்துவிடலாம். சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து கேசட் முடிந்த பிறகும் நாடாவை ஓடவிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அக்கா வளைகாப்பு முடிந்ததும் சிறிது நேரம் புள்ளிப் புள்ளியாக ஓடுகிறது. பிறகு யாரோ டிவியிலிருந்து பதிந்த ஒரு காட்சி. அதில் ஆச்சி, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்.