காடே இல்லாத ஊருக்கு வனத்துறை எதற்கு?

"பன்னியைச் சுடலாம்னு கவர்மெண்டே சொல்லிருச்சாம்ல அண்ணாச்சி. அப்ப மயிலை மட்டும் ஏன் தொடக் கூடாதுங்கிறாங்க? ரெண்டும் நம்ம வெள்ளாமையைத்தானே திங்குது?"

திருச்சுழிப் பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. மக்காச்சோளம் போட்டவர். கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வாய் டீயில் சொல்லி முடிக்கிற பதில் அதற்குக் கிடையாது. இன்னொரு டீ சொல்லிவிட்டு, நிதானமாகப் பேசுவோம்.

விருதுநகர் மாவட்டத்தில் வனத்துறை என்றதும் எல்லோர் கண்ணும் மேற்கே போகும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு என்று மலையடிவாரம் அங்கேதான் இருக்கிறது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அங்கே சரணாலயம் அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். அங்கே மண்ணும் மரமும் விலங்கும் வனத்துறையின் பொறுப்பு. கேட் போட்டு, செக்போஸ்ட் வைத்து, ஆள் விட்டுக் காவல் காக்கிறார்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் அப்படி இல்லை. கரிசலும் செவலும், மானாவாரி வெள்ளாமை, ஊருக்கு ஒரு கண்மாய், கண்மாய் நிறைய சீமைக் கருவேலம். இங்கே வனத்துறைக்கு என்ன வேலை என்று கேட்டால், பதில் சட்டத்தில் இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விலங்கைப் பார்க்கிறது, அது நிற்கிற இடத்தைப் பார்ப்பதில்லை. மலையில் நிற்கிற பன்றியும் உங்கள் சோளக்காட்டில் நிற்கிற பன்றியும் அதற்கு ஒன்றுதான். பட்டா நிலத்தில் மேய்ந்தாலும் மயில், மயில்தான். ஆக, இந்தப் பக்கம் மண் ஒருவர் கையில், விலங்கு இன்னொருவர் கையில். நம் சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மேலிருந்து யார் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைத் தலைமைச் செயலகத்தில் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை என்று ஒரு துறை. கொள்கையும் அரசாணையும் அங்கிருந்து வரும். முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட மாநில வன உயிரின வாரியம் ஒன்று உண்டு. எந்த இடத்தைச் சரணாலயம் ஆக்கலாம் என்பது போன்ற விஷயங்களில் யோசனை சொல்வது அதன் வேலை. விலங்கு சம்பந்தப்பட்ட அனுமதிகளில் சட்டம் பேர் சொல்லி அதிகாரம் கொடுத்திருப்பது முக்கியமாகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் என்ற அதிகாரிக்கு. அவருக்குக் கீழே மாவட்ட வன அலுவலர், வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர் என்று படி இறங்கி நம் ஊருக்கு வருகிறது. காடும் வன உயிரும் முதலில் மாநிலத்தின் கையில் மட்டும் இருந்தன. 1976-ல் கொண்டுவந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போனதால் டெல்லிக்கும் இதில் பங்கு உண்டு.

இனி தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசியில் அட்டவணைகள் இருக்கின்றன. முன்பு ஆறு. 2022-ல் திருத்தி நான்காக்கினார்கள். முதல் அட்டவணையில் மயில், வெளிமான், புலி, யானை. இரண்டாவது அட்டவணையில் காட்டுப்பன்றியும் புள்ளிமானும். 11-ஆவது பிரிவு இந்த இரண்டையும் இரண்டு விதமாக நடத்துகிறது. முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாக மாறினால், அல்லது பிழைக்க முடியாத அளவு நோய்ப்பட்டோ முடமாகியோ போனால் மட்டும்தான் தலைமை வன உயிரினக் காப்பாளரே அதைக் கொல்ல உத்தரவிட முடியும். இரண்டாவது அட்டவணைக்கு அத்தோடு சொத்தும் சேர்கிறது. சொத்து என்பதற்குள் 'நிலத்தில் நிற்கும் பயிர்' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். மயிலுக்கு அந்த வாசகம் கிடையாது. மிளகாய் நாற்றைக் கொத்தினாலும் பயறு பூராவையும் தின்று தீர்த்தாலும், பயிரைக் காரணம் காட்டி மயில் மீது கை வைக்க எந்த அதிகாரியாலும் அனுமதி தர முடியாது. அதிகாரி மனசு வைக்கவில்லை என்று கோபப்பட்டுப் பயனில்லை. அவர் கையில் அந்த அதிகாரமே இல்லை. விதையில் மருந்து கலந்து மயிலைக் கொன்றால் குறைந்தது மூன்று வருஷம், கூடினால் ஏழு வருஷம் சிறை. அபராதம் தனி. இதைத் தெரியாமல் செய்துவிட்டு ஜெயிலுக்குப் போன விவசாயிகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

பன்றிக்கு அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் சுடலாம். சுடுவது வனத்துறைப் பணியாளர். நாம் இல்லை. "சுடலாம்னு சொல்லிட்டாங்க" என்று டீக்கடைப் பேச்சில் உருண்டு வரும்போது இந்தக் கடைசிச் செய்தி எங்கேயோ விழுந்துவிடுகிறது. அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியை வைப்பதும், லைனிலிருந்து நேரே கம்பி இழுத்து வேலியில் கரண்ட் விடுவதும் நேற்றும் குற்றம், இன்றும் குற்றம். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்துத் தோட்டக்காரர்தான் அந்தக் கம்பியில் முதலில் கால் வைப்பார்.

பக்கத்து மாநிலத்தில் வேறு வழி. கேரளத்தில் 2022-ல் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் மட்டத்துக்கே இறக்கினார்கள். பீகாரும் உத்தரகண்டும் அதற்கு முன்பே ஒன்றிய அரசிடம் கேட்டு, சில மாவட்டங்களில் பன்றியைக் கொஞ்ச காலத்துக்குத் 'தொல்லை விலங்கு' என்று அறிவிக்க வைத்தன. தமிழ்நாடு துப்பாக்கியை வனத்துறைக் கையிலேயே வைத்துக்கொண்டது. எனக்கு இந்த வழி சரியென்றே படுகிறது. ஊருக்கு ஊர் துப்பாக்கி என்று ஆனால், பன்றிக்கு வாங்கிய அனுமதியில் மானும் முயலும் சேர்ந்து போகும்.

ஆனால் தமிழ்நாட்டு ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கிறது. சேதத்தைப் பார்த்துச் சொல்ல கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனவர் ஆகியோர் கொண்ட கிராமக் குழு என்றார்கள். நம் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதே 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு ஊராட்சிகள் போயின. குழுவில் ஊருக்காகப் பேச வேண்டிய நாற்காலி, ஏற்பாடு வந்த அந்த நேரத்திலேயே காலி.

இதைவிடப் பெரிய சிக்கல் கண்மாய்க்குள் இருக்கிறது. பன்றி இறங்கிய புஞ்சையைக் காலையில் போய்ப் பாருங்கள். தட்டை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். கதிரை உரித்துப் பாதி மென்று துப்பியிருக்கும். வரப்பை மூக்கால் கிளறிப் புரட்டிப் போட்டிருக்கும். சுற்றிக் கட்டிய பழைய சேலைகள் அப்படியே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், பன்றி அவற்றுக்குக் கீழே நுழைந்து போயிருக்கும். அந்தக் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் கண்மாய்க்குள் சீமைக் கருவேலப் புதரில் போய் முடியும். மேற்கு மலை அங்கிருந்து எவ்வளவோ தூரம். இந்தப் பன்றி மலையிலிருந்து தினம் இறங்கி வரவில்லை. பகலெல்லாம் படுத்துக் கிடப்பது நம் கண்மாயில்தான்.

அந்தக் கண்மாய் யாருடையது? 100 ஏக்கரும் அதற்கு மேலும் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். புறம்போக்குக் கணக்கு வருவாய்த் துறையிடம். 1980-களில் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் வந்தபோது பல கண்மாய்களுக்குள் வனத்துறை நாட்டுக் கருவேலம் நட்டது. அங்கே மரம் வனத்துறையின் கணக்கு. சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஏலம் எடுத்தவர் வெட்டுவார். தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு அது திரும்பத் தழைக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்து அகற்றச் சொன்னார்கள். அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனாலும் வனவரிடம் பன்றி என்று போனால் "புதரை எடுக்கச் சொல்லுங்க" என்பார். நீர்வளத் துறை ஆபீசில் புதர் என்று போனால் "ஃபண்டு வரலை" என்பார்கள். ஒவ்வொருவரும் தன் வரைக்கும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

"அப்ப ஒட்டுமொத்தமா புல்டோசர் விட்டுத் தூக்கிர வேண்டியதுதானே?" என்றார் தம்பி.

அங்கேயும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். கிழக்கே முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு கண்மாய்கள். இரண்டும் 1989-லிருந்து பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் ஏறின. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து, தமிழ்நாட்டு ராம்சார் இடங்கள் 20 ஆயின. இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் அவ்வளவு இல்லை. நம்முடையது போன்ற அதே வறண்ட நாட்டுக் கண்மாய்கள்தான் அவையும். மழை பெய்து தண்ணீர் நின்ற வருஷம் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வந்து கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில்தான். நாட்டுக் கருவேலம் எது, சீமைக் கருவேலம் எது, எந்த மரத்தில் கூடு இருக்கிறது, எந்த மாதம் தொடலாம் என்று பார்த்து எடுக்கிற வேலை இது. மொத்தமாக மழித்தால் பன்றியோடு பறவையும் போகும்.

சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டால் நம் ஆட்களுக்கு வயிறு கலங்கும். வண்டல் எடுக்க முடியாது, ஆடு மேய்க்க முடியாது, மடையைத் திறக்கக் கூட மனு எழுத வேண்டும் என்கிற பயம். பயத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. சரணாலயத்துக்குள் தண்ணீரின் போக்கை மாற்றுவதற்கும் மரத்தைத் தொடுவதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அறிவிப்பதற்கு முன் மக்களின் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துப் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த விசாரணை நாளில் ஊர் போய் நிற்காவிட்டால் பின்னால் பேசுவது கடினம்.

சரணாலயத்துக்குக் கீழே இன்னொரு வகை இருக்கிறது. பாதுகாப்புக் காப்பகம் என்று பெயர். அரசு நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே அறிவிக்க முடியும். நிர்வாகக் குழுவில் அந்த எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி. வேளாண் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் இடம் உண்டு. நாட்டிலேயே முதன்முதலில் இப்படி அறிவிக்கப்பட்டது நம் தென்பாண்டிச் சீமையில்தான். திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில், கோயில் வளாகத்து மருத மரங்களில் வந்து அடையும் பறவைகளுக்காக, ஊர்க்காரர்களே விரும்பிக் கேட்டு, 2005-ல். மூன்று ஹெக்டேர் கூட இல்லாத இடம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி 1977-லிருந்து சரணாலயம். அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எந்த அரசாணையும் அதைச் சொல்லவில்லை. பறவைகளுக்காக ஊர் எடுத்த முடிவு அது.

அறிவிப்புத் தாள் மட்டும் போதுமா என்றால், போதாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அந்த இடமும் அடங்கிய பகுதியை 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டது. ஊர்கள் திரண்டன. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தாள் இருந்ததால் பேசுவதற்குப் பிடி கிடைத்தது, ஊர் நின்றதால் காரியம் நடந்தது.

நம் பக்கத்தில் செய்யக் கூடியது இன்னும் எளியது. பன்றிச் சேதத்துக்குத் தனியாக, புதருக்குத் தனியாக மனு எழுதாதீர்கள். கண்மாயின் பெயர், சர்வே எண், எந்தப் புஞ்சை எந்தத் தேதியில் அழிந்தது, போட்டோ எல்லாவற்றையும் ஒரே மனுவில் வையுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் அது கூடுகிறது. அந்தத் தீர்மானத்தின் நகலோடு ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். வனத்துறை, நீர்வளத் துறை, வருவாய்த் துறை மூன்றும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் நாள் அது. அங்கே வைத்து மூவரையும் ஒன்றாகக் கேளுங்கள்.